பிள்ளை தவறு செய்தால் சிறை திருத்துமா?

ஓர் ஊரை நினைத்துக்கொள்வோம். அங்கே 15 வயதுப் பையன் ஒருவன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான். ஒரு டீக்கடையில் வேலை செய்கிறான். ஒருநாள் மேசை மேல் இருந்த செல்போனை எடுத்து ஒளித்துவிட்டான். போலீஸ் வந்து அவனை அழைத்துப் போய்விட்டது.

"ரெண்டு நாள் உள்ளே கிடக்கட்டும். நாலு அடி விழுந்தால்தான் புத்தி வரும்" என்கிறார் கடைக்காரர்.

தாய் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டு அக்காவை அழைத்துக்கொண்டு காவல் நிலையம் போகிறார். அங்கே ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள்.

"அக்கா, கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போடட்டுமா?"

"அவசரப்படாதே. நாம்தான் இப்போ எழுத்துக் கூட்டிப் படிக்கிறோமே. முதல்ல படிச்சுப் பார். வயசு எவ்வளவுன்னு போட்டிருக்கு?"

"19-ன்னு இருக்கு அக்கா."

"உன் மகனுக்கு 15 தானே? அதை முதல்ல சொல்லு. வயசு மாறினா வழக்கே மாறிப் போகும்."

அக்கா சொன்னது சரி. 15 என்று எழுதினால் பையன் ஒரு வழியில் போவான். 19 என்று எழுதினால் வேறு வழியில் போவான். ஒரு வழி வீட்டுக்கும் பள்ளிக்கும் திரும்பி வரும் வழி. மற்றொன்று பெரியவர்களின் சிறைக்குப் போகும் வழி.

சட்டம் ஏன் இப்படி இரண்டு வழி வைத்திருக்கிறது? தவறு செய்தவர் யாராக இருந்தாலும் ஒரே தண்டனை கொடுத்தால் என்ன? சிறைக்கு அனுப்பினால் பிள்ளை திருந்துவானா? இவற்றை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

பழைய கதை

ஒரு காலத்தில் சிறுவர்களையும் பெரியவர்களோடு ஒரே சிறையில் அடைத்தார்கள். ரொட்டி திருடிய சிறுவனும் கொலை செய்தவனும் ஒரே கொட்டடியில் இருந்தார்கள். அங்கே சிறுவன் என்ன கற்றுக்கொண்டிருப்பான்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சிறுவர்களுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்ற எண்ணம் மெல்ல வளர்ந்தது. 1899-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகின் முதல் சிறுவர் நீதிமன்றம் தொடங்கியது. இந்தியாவில் 1920-ஆம் ஆண்டு சென்னை மாகாணம் சிறுவர் சட்டம் கொண்டுவந்தது. 1922-இல் வங்காளமும், 1924-இல் பம்பாயும் அதே வழியில் சென்றன.

சட்டம் வந்தும் பல மாநிலங்களில் பிள்ளைகள் சிறையிலேயே கிடந்தார்கள். ஷீலா பர்சே என்ற பத்திரிகையாளர் இதைக் கண்டார். உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். குழந்தைகளைச் சிறையில் வைக்கக் கூடாது என்று 1986-ஆம் ஆண்டு நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. அதே ஆண்டில் நாடு முழுவதற்கும் ஒரே சிறார் நீதிச் சட்டம் வந்தது. அதன்படி ஆண் பிள்ளைக்கு 16 வயது வரையும், பெண் பிள்ளைக்கு 18 வயது வரையும் பாதுகாப்பு இருந்தது. 2000-ஆம் ஆண்டில் வந்த சட்டம் இருவருக்கும் 18 வயது என்று ஆக்கியது. இப்போது நடைமுறையில் இருப்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

"பயம் காட்டினால் பிள்ளை திருந்துவான்." இப்படிப் பலர் நம்புகிறோம். இது உண்மையா என்று ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மூன்று ஆய்வுகளைப் பார்ப்போம். மூன்றும் அமெரிக்காவில் நடந்தவை. அங்கே நீண்ட காலமாக இப்படிக் கணக்கெடுத்து வருகிறார்கள்.

முதல் ஆய்வு. தவறான வழியில் போகும் சிறுவர்களைச் சிறைக்கு அழைத்துப் போனார்கள். உள்ளே இருக்கும் கைதிகளைக் கொண்டு அவர்களை மிரட்டவைத்தார்கள். "இங்கே வந்தால் உன் கதி இதுதான்" என்று காட்டினார்கள். இதே போன்ற வேறு சிறுவர்களை அழைத்துப் போகவில்லை. பிறகு இரு கூட்டத்தாரையும் ஒப்பிட்டார்கள். இப்படி 9 சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சிறையைப் பார்த்துவந்த சிறுவர்கள்தான் பிறகு அதிகமாகத் தவறு செய்திருந்தார்கள். மிரட்டல் திருத்தவில்லை, கெடுத்தது.

இரண்டாம் ஆய்வு. சிகாகோ நகரில் சிறுவர் வழக்குகளை நீதிபதிகளுக்கு முறை வைத்துப் பிரித்துக் கொடுப்பார்கள். சில நீதிபதிகள் கண்டிப்பானவர்கள். சிலர் இளகிய மனம் உள்ளவர்கள். அதனால் ஒரே மாதிரித் தவறு செய்த இரு சிறுவர்களில் ஒருவன் உள்ளே போவான். மற்றவன் வீட்டுக்குப் போவான். இப்படி 35,000-க்கும் மேற்பட்ட சிறுவர்கள் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்று 2 ஆராய்ச்சியாளர்கள் பார்த்தார்கள். 2015-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். உள்ளே போனவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் குறைவு. பெரியவர்கள் ஆனபின் மறுபடியும் சிறைக்குப் போனவர்கள் அதிகம்.

ஏன் இப்படி? உள்ளே போன பையனுக்குப் பள்ளி விட்டுப் போகிறது. திரும்பி வந்தால் பழைய வகுப்பில் உட்கார வெட்கம். உள்ளே கிடைத்த நண்பர்களே நண்பர்கள் ஆகிறார்கள். ஊரில் "ஜெயிலுக்குப் போனவன்" என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. வேலை கொடுக்க ஆள் இல்லை. அப்புறம் அவன் எங்கே போவான்?

மூன்றாம் ஆய்வு. பெரிய குற்றம் செய்த 1,354 இளையவர்களை 7 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலோர் வயது ஏற ஏறக் குற்றத்தைக் குறைத்தார்கள் அல்லது நிறுத்திவிட்டார்கள். மிகச் சிலரே தொடர்ந்து குற்றம் செய்தார்கள். கூடுதல் காலம் உள்ளே வைத்ததால் கூடுதலாகத் திருந்தியதாகவும் தெரியவில்லை.

இதற்கு உடம்பிலும் ஒரு காரணம் உண்டு. நம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் நிதானிக்கிறது. "இதைச் செய்தால் என்ன ஆகும்" என்று யோசிக்கிறது. அந்தப் பகுதி முழுதாக வளர 20 வயதும் தாண்டிவிடும். அதனால்தான் இளம் வயதில் வேகம் இருக்கிறது. நிதானம் குறைவாக இருக்கிறது. கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தால் துணிச்சல் இன்னும் கூடுகிறது. மீசை முளைத்துவிட்டதால் புத்தி முளைத்துவிட்டது என்று ஆகாது.

அப்படியானால் தவறு செய்தவனைச் சும்மா விடுவதா? இல்லை. அவன் செய்ததற்கு அவன் பதில் சொல்லவேண்டும். ஆனால் அது அவனைத் திருத்தும் வழியாக இருக்கவேண்டும். அடுத்த தவறுக்குத் தயார் செய்யும் வழியாக இருக்கக் கூடாது. இது பிள்ளையின் நன்மைக்கு மட்டும் இல்லை. ஊரின் பாதுகாப்புக்கும் இதுவே நல்லது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

18 வயது ஆகாதவர் எல்லாரும் சட்டத்தின் கண்ணில் குழந்தைகள். 7 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது எதுவும் குற்றமே ஆகாது. மற்றவர்களுக்கு உள்ள பாதுகாப்புகள் இவை:

1. பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. சிறையிலும் வைக்கக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது.

2. பிடித்த 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். பெற்றோருக்குத் தகவல் சொல்லவேண்டும்.

3. குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி பிள்ளையை வற்புறுத்தக் கூடாது. எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்துப் போடச் சொல்லக் கூடாது.

4. சிறு குற்றம் என்றால் முதல் தகவல் அறிக்கை போடுவதில்லை. காவல் நிலைய நாட்குறிப்பில் மட்டும் எழுதுவார்கள். பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தால் மட்டும் இது மாறும்.

5. ஜாமீன் கொடுப்பதுதான் வழக்கம், மறுப்பது விதிவிலக்கு. வெளியே விட்டால் பிள்ளைக்கு ஆபத்து, கெட்ட சேர்க்கை, நீதி கெடும் நிலை என்று இருந்தால் மட்டுமே மறுக்கலாம். காரணத்தையும் எழுதவேண்டும்.

6. வழக்கறிஞர் இலவசம்.

7. பிள்ளையின் பெயரையும் படத்தையும் செய்தித்தாளில் போடக் கூடாது.

இளைஞர் நீதிக் குழுமத்தில் 3 பேர் இருப்பார்கள். ஒருவர் மாஜிஸ்திரேட். இருவர் சமூகப் பணியாளர்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். வீட்டு நிலைமை என்ன, ஏன் படிப்பை விட்டான், யாரோடு சேர்கிறான் என்றெல்லாம் நன்னடத்தை அலுவலர் விசாரித்து அறிக்கை தருவார். அதைப் பார்த்துக் குழுமம் முடிவு செய்யும். புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம். ஆலோசனைக்கு அனுப்பலாம். பொதுச் சேவை செய்யச் சொல்லலாம். ஒருவர் மேற்பார்வையில் வைக்கலாம். வேறு வழி இல்லை என்றால் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பலாம். அதுவும் 3 ஆண்டுகளுக்கு மேல் கூடாது.

16 வயதுக்கு மேல் கொடிய குற்றம் செய்தால்?

2012-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்குக் கொடுமை நடந்தது. அவர் இறந்துபோனார். பிடிபட்ட 6 பேரில் ஒருவனுக்கு 17 வயது. அவனுக்குச் சட்டப்படி 3 ஆண்டுகள் சிறப்பு இல்லம். "இது போதுமா?" என்று நாடே கொதித்தது. பெண்ணைப் பறிகொடுத்தவர்களின் வேதனை நியாயமானது. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

அப்போது அரசு நீதிபதி வர்மா தலைமையில் ஒரு குழு அமைத்தது. 18 வயது என்பதைக் குறைக்க வேண்டாம் என்று அந்தக் குழு 2013-இல் சொன்னது. ஆனாலும் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு மாற்றம் வந்தது. 16 முதல் 18 வயதுக்குள் கொடிய குற்றம் செய்தால் பெரியவரைப் போல விசாரிக்கலாம் என்று ஆனது. குறைந்தது 7 ஆண்டு தண்டனை உள்ளவை கொடிய குற்றங்கள்.

அப்போதும் நேரே பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு அனுப்ப முடியாது. பிள்ளையின் மனநிலை என்ன, செய்வதன் விளைவு தெரிந்து செய்தானா என்று குழுமம் முதலில் ஆராயவேண்டும். பிறகு குழந்தைகள் நீதிமன்றம் இன்னொரு முறை பார்க்கவேண்டும். தண்டனை கொடுத்தாலும் 21 வயது வரை சிறை கிடையாது. தனிப் பாதுகாப்பு இடம்தான். தூக்குத் தண்டனை கிடையாது. வெளியே வரவே முடியாத ஆயுள் தண்டனையும் கிடையாது.

சிறார் குற்றம் எவ்வளவு என்பதையும் கணக்காகத் தெரிந்துகொள்வோம். 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 58 லட்சத்துக்கு மேல் குற்ற வழக்குகள் பதிவாயின. அவற்றில் சிறார் மீதான வழக்குகள் 30,555. அதாவது 200 வழக்குக்கு ஒரு வழக்கு. பிடிபட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் அநாதைகள் இல்லை. பெற்றோருடன் வாழ்பவர்கள். ஆகவே இது நம் வீட்டுச் செய்திதான்.

ஒரு காகிதம் இல்லாமல் 28 ஆண்டு

1994-ஆம் ஆண்டு புனே நகரில் ஒரு வீட்டில் 7 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். இந்த வழக்கில் ராஜஸ்தானிலிருந்து வந்த ஒருவர் பிடிபட்டார். வயது வந்தவர் என்றே வழக்கில் எழுதினார்கள். 1998-இல் தூக்குத் தண்டனை விதித்தார்கள். மேல் நீதிமன்றங்களும் அதை உறுதி செய்தன.

அவர் சிறையிலேயே படித்தார். பட்டமும் பெற்றார். குற்றம் நடந்தபோது தான் சிறுவன் என்று பிறகு மனுப் போட்டார். ஊரில் அவர் படித்த பள்ளியின் பதிவேட்டைத் தேடி எடுத்தார்கள். அதில் அவர் பிறந்த தேதி இருந்தது. குற்றம் நடந்த நாளில் அவருக்கு 12 வயது 6 மாதம்! 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதற்குள் 28 ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன. சிறுவனாக விசாரித்திருந்தால் 3 ஆண்டில் முடிந்திருக்கும்.

இது ஒருவர் கதை மட்டும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ச் சிறைகளிடம் கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். 2016 முதல் 2021 வரை 6 ஆண்டுகளில் குறைந்தது 9,681 பிள்ளைகள் பெரியவர்களின் சிறைகளில் தவறாக அடைக்கப்பட்டிருந்தார்கள் என்று தெரிந்தது.

தாமதமும் பெரிய குறை. சிறு குற்ற விசாரணை 4 மாதத்தில் முடியவேண்டும். கூட்டினால் இன்னும் 2 மாதம். அதற்குள் முடியாவிட்டால் வழக்கே முடிந்துபோகும் என்கிறது சட்டம். ஆனால் நடப்பது என்ன? 362 குழுமங்களின் கணக்கை எடுத்தார்கள். 2023 அக்டோபர் முடிவில், அவற்றின் முன் இருந்த வழக்குகளில் 100-க்கு 55 முடியாமல் கிடந்தன. 4 குழுமங்களுக்கு ஒன்றில் 3 உறுப்பினர்களும் முழுதாக இல்லை. சட்டம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அதை நடத்த ஆட்களும் வேண்டும். கேட்க மக்களும் வேண்டும்.

நாம் செய்யவேண்டியவை

வயதுச் சான்றைப் பத்திரமாக வையுங்கள். முதலில் பார்ப்பது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று. அது இல்லை என்றால் பஞ்சாயத்து, நகராட்சி அல்லது மாநகராட்சி தரும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லை என்றால் மட்டுமே எலும்புப் பரிசோதனை. ஆதார் அட்டை பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

குழந்தை பிறந்தால் 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது தேதியைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். வயதைக் கூட்டிச் சொன்னால் அது ஒருநாள் பிள்ளைக்கே வினையாகலாம்.

பிள்ளையைப் போலீஸ் அழைத்துப் போனால் உடனே போங்கள். வயதுச் சான்றின் நகலைக் கொடுங்கள். "எப்போது குழுமத்துக்குக் கொண்டுபோவீர்கள்?" என்று கேளுங்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பே தவறாக எழுதிவிட்டார்களா? கவலை வேண்டாம். வயதுக் கேள்வியை எந்த நிலையிலும் எழுப்பலாம். தீர்ப்புக்குப் பிறகும் எழுப்பலாம்.

உதவிக்கு 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இலவச வழக்கறிஞருக்கு 15100. மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேராகவும் போகலாம்.

வழக்கு முடிந்து பிள்ளை திரும்பி வந்தால் பழையதைச் சொல்லிக் காட்டாதீர்கள். சட்டமே அந்தத் தவறு அவன் படிப்புக்கும் வேலைக்கும் தடையாக இருக்கக் கூடாது என்கிறது. பெரியவராக விசாரித்த கொடிய குற்றத்துக்கு மட்டும் இது பொருந்தாது. சட்டம் மறந்ததை ஊரும் மறக்கவேண்டும். அவனை மறுபடி பள்ளியில் சேர்ப்பது, ஒரு தொழில் கற்றுக்கொடுப்பது, வேலை கொடுப்பது ஆகியவை நம் கையில் இருக்கின்றன. சிறை செய்ய முடியாததை இவை செய்யும்.

புதிய சொற்கள்

இளைஞர் நீதிக் குழுமம் – 18 வயது ஆகாதவர்களின் வழக்கை விசாரிக்கும் 3 பேர் குழு.

கூர்நோக்கு இல்லம் – விசாரணை முடியும்வரை பிள்ளையை வைத்திருக்கும் இடம். இது சிறை அல்ல.

சிறப்பு இல்லம் – குழுமம் முடிவு சொன்னபின் பிள்ளையை அனுப்பும் இடம். இங்கே படிப்பும் தொழிலும் கற்றுத் தரவேண்டும்.

நன்னடத்தை அலுவலர் – பிள்ளையின் வீட்டு நிலைமையை விசாரித்து அறிக்கை தருபவர்.

கூடிப் பேசுவோம்

1. சிறையைக் காட்டிப் பயமுறுத்திய சிறுவர்கள் ஏன் திருந்தவில்லை? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

2. பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைக்கவேண்டும். தவறு செய்த பிள்ளையும் திருந்தவேண்டும். இரண்டும் நடக்க என்ன வழி?

3. உங்கள் ஊரில் படிப்பை விட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் பகலில் எங்கே இருக்கிறார்கள்?

செய்து பார்ப்போம்

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றையும் பள்ளிச் சான்றையும் எடுங்கள். பெயர், தேதி, ஆண்டு மூன்றையும் நீங்களே படியுங்கள். இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாறி இருந்தால் தலைமை ஆசிரியரிடமும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் கேட்டுத் திருத்துங்கள். பிறகு நகல் எடுத்து வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.